கேட்டதா, கண்டதா? சமூக அறிவியல் தரும் அறிவு எதன்மேல் நிற்கிறது?

தறிமேடு எழுதியது:

சேலம் அம்மாப்பேட்டையில் கைத்தறிக் குடும்பங்களின் வருமானம் பற்றி முதுகலை ஆய்வேட்டுக்காக வீடு வீடாகச் சென்ற நாட்களில் நான் எழுதிக்கொண்ட ஒரு விடை, இத்தனை ஆண்டுகள் கழித்தும் என் மனத்தை விட்டு அகலவில்லை. அதை இங்கே வைத்து, நண்பர்களின் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

அந்த வீட்டில் குழித்தறியில் கணவர் நெய்துகொண்டிருந்தார். திண்ணையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா ராட்டையைச் சுழற்றித் தார் (ஊடை நூலைச் சிறு குழலில் சுற்றியது) சுற்றிக்கொண்டிருந்தார். வலது கை ராட்டையின் பிடியில் இருந்தது. இடது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நூல் ஓடிக்கொண்டிருந்தது. பல ஆண்டுகளாக நூல் ஓடி ஓடி அந்த விரலில் மெல்லிய கோடு ஒன்று நிலையாகப் பதிந்திருந்தது. பக்கத்துக் கூடையில் சுற்றி முடித்த தார்கள் பாதிவரை நிறைந்திருந்தன. என் கையில் இருந்த படிவத்தைப் பார்த்து, "அம்மா, நீங்க என்ன வேலை செய்யறீங்க?" என்று கேட்டேன். "நான் வேலைக்கெல்லாம் போறதில்லைங்க, வீட்டுலதான் இருக்கேன்" என்றார். அந்த விடையைச் சொல்லும்போதும் ராட்டை நிற்கவில்லை. நான் "தொழில் இல்லை, இல்லத்தரசி" என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. நானும் அவர் சொன்னதைத் திரிக்கவில்லை. ஆயினும் என் ஆய்வேட்டின் அட்டவணையில் அந்த வீட்டில் உழைப்பவர் ஒருவர் என்று பதிவானது. அது உண்மையன்று. இருவரும் நேர்மையாக நடந்துகொண்ட ஓர் உரையாடலிலிருந்து பிழையான செய்தி எப்படிப் பிறந்தது என்பதே என் கேள்வி.

இது என் தனிப்பட்ட கவனக்குறைவாக இருந்திருந்தால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே இதே நிலை வந்திருக்கிறது. 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், வேலைக்காலத்தின் பெரும்பகுதியில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் முறையாக உழைத்தவர்கள் அனைவரும் உழைப்பாளர்களாகக் கொள்ளப்பட்டனர். 1971இல் அந்த வரையறை மாறி, ஒருவரின் முதன்மைச் செயல்பாடு எது என்று கேட்கப்பட்டது. இந்தியாவில் பெண் உழைப்பாளர்களின் எண்ணிக்கை 1961இல் சுமார் 5.9 கோடியாக இருந்தது. 1971இல் அது சுமார் 3.1 கோடியாகக் குறைந்தது. பத்தே ஆண்டுகளில் நாட்டுப் பெண்களில் இத்தனை பேர் ராட்டையையும் களைக்கொட்டையும் கீழே வைத்துவிட்டார்கள் என்று யாரும் நம்ப மாட்டோம். கேள்வி மாறியதும் உழைப்பு கணக்கிலிருந்து மறைந்துவிட்டது.

சமூக நிகழ்வுகளைப் பொருள்களைப் போலக் கருதி ஆராய வேண்டும் என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் துர்க்கேம் 1895இல் வகுத்தார். கல்லையும் மரத்தையும் போல அவை நமக்கு வெளியே இருக்கின்றன என்பது அவருடைய கருத்து. ஆனால் கல்லிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. இந்த இடத்தில், எது சரியான அறிவு என்று ஆராயும் நம் மரபின் அளவை நூல்கள் எனக்குத் துணை செய்கின்றன. மணிமேகலையில் வஞ்சி நகரத்து அளவைவாதி அறிவு பிறக்கும் வழிகளைப் பத்தாக அடுக்குகிறான். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் அவற்றையெல்லாம் காண்டல் (நேரில் காண்பது), கருதல் (தடயத்தைக் கொண்டு ஊகித்து அறிவது), உரை (பிறர் சொல்லக் கேட்டு அறிவது) என்னும் மூன்றில் அடக்குகிறது. அந்த அம்மா எனக்குத் தந்தது உரை. நான் அதைப் படிவத்தில் எழுதினேன். படிவத்திலிருந்து அது அட்டவணைக்குப் போயிற்று. அட்டவணையைப் படித்தவர் அதைக் காண்டலாக எடுத்துக்கொண்டார். இந்த மாற்றம் எந்தக் கட்டத்தில் நிகழ்ந்தது என்று எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. நாம் சமூக அறிவியல் என்று அழைக்கும் துறைகளின் பெரும்பகுதி இப்படி உரையைக் காண்டலாக மாற்றியே நடக்கிறது என்றால், அது தரும் அறிவுக்கு அடிப்படை எது?

அளவுகோல் எழுதியது:

தறிமேடு அவர்களுக்கு வணக்கம். இருபது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்தவன் என்ற முறையில் இதற்கு விடை சொல்லும் கடமை எனக்கு உண்டு என்று கருதுகிறேன். உங்கள் எடுத்துக்காட்டு மிகவும் நல்லது. ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவை என்னால் ஏற்க இயலவில்லை.

உங்கள் கேள்வி பிழையானது என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்பதை முதலில் யோசித்துப் பாருங்கள். ராட்டை சுழல்வதை நீங்கள் கண்டீர்கள். கூடையில் தார் நிறைந்திருப்பதைக் கண்டீர்கள். எனவே உரையைத் திருத்துவதற்கான காண்டல் உங்கள் கண்ணெதிரிலேயே இருந்தது. படிவத்தில் அதற்கு இடம் இல்லை என்பதே குறை. 1971இன் வரையறையால் வந்த இழப்பும் இப்படித்தான் வெளிப்பட்டது. 1961இன் எண்ணோடு ஒப்பிட்டதால்தான் அது நம் கண்ணுக்குத் தெரிந்தது. அதன் பிறகு 1981இல் ஆண்டின் பெரும்பகுதி உழைத்தவர் முதன்மை உழைப்பாளர், அதற்குக் குறைவாக உழைத்தவர் குறு உழைப்பாளர் என்று இரண்டு வகை கொண்டுவரப்பட்டது. 1998-99இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் நேரப் பயன்பாட்டு ஆய்வு நடந்தது. அதில் "வேலை செய்கிறீர்களா" என்ற கேள்வியை நம்பியிராமல், ஒருவருடைய ஒரு நாளின் இருபத்து நான்கு மணி நேரமும் எதில் கழிந்தது என்று பதிவு செய்தார்கள். 2019இல் அது நாடு முழுவதும் நடந்தது. அளவீட்டின் பிழையை இன்னும் நல்ல அளவீடு திருத்தியது. இயற்பியலிலும் வெப்பமானி இப்படித்தான் படிப்படியாகச் சீரானது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொல்பவரின் பிழை ஒருபுறம் இருக்க, கேட்பவரின் பிழையும் உண்டு என்பதைப் புள்ளியியல் தொடக்கத்திலேயே உணர்ந்திருக்கிறது. இந்தியப் புள்ளியியலாளர் மகலனோபிஸ் வங்காளத்தில் மாதிரிக் கணக்கெடுப்புகளை நடத்தியபோது, ஒரே பகுதிக்கு ஒன்றையொன்று சாராத இரண்டு குழுக்களைத் தனித்தனியாக அனுப்பி, இருவர் தந்த முடிவுகளையும் ஒப்பிடும் முறையை வகுத்தார். இரண்டும் விலகினால், அந்த விலகலே கேட்பவரால் வந்த பிழையின் அளவு. நம்பிக்கையை நம்பாமல் அதையும் அளந்து பார்த்த இந்த முறையை நான் இன்றும் மாணவர்களிடம் மரியாதையோடு சொல்கிறேன்.

தறிமேடு எழுதியது:

ஐயா, ஓர் ஐயம். அந்த இரண்டு குழுக்களும் ஒரே படிவத்தைக் கொண்டு போனால்? அம்மாப்பேட்டையின் அதே தெருவுக்கு இன்னொருவர் என் படிவத்தோடு போயிருந்தாலும் "இல்லத்தரசி" என்றே எழுதியிருப்பார். இரண்டு முடிவுகளும் அச்சாகப் பொருந்தியிருக்கும். அந்தப் பொருத்தம் எதை நிறுவியிருக்கும்?

சேர்வராயன் அடிவாரம் எழுதியது:

நான் ஏற்காட்டில் பிறந்தவன். எங்கள் மக்களை அரசு ஆவணங்கள் மலையாளி என்று குறிக்கின்றன. கேரளத்துக்கும் எங்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று வெளியூர் போகும் எங்கள் பிள்ளைகள் இன்றும் விளக்கிக்கொண்டே இருக்கிறார்கள். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே அந்தச் சொல்லின் பொருள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் மூவர் மலைகளைப் பகிர்ந்துகொண்டு குடியேறினார்கள் என்பது எங்கள் பெரியவர்கள் சொல்லும் வரலாறு. அதே மக்களை ஒரு பட்டியல் பழங்குடி என்கிறது. எங்கள் உரை எங்களைக் காஞ்சியிலிருந்து மேலேறி வந்தவர்கள் என்கிறது; ஆவணம் எங்களை மலையின் ஆதி மக்கள் என்கிறது. இரண்டில் எது அறிவு?

அளவுகோல் ஐயாவின் வெப்பமானி உவமையில் எனக்கு உடன்பாடு இல்லை. வெப்பமானியில் அளவைக் குறித்துக்கொண்டால் காய்ச்சல் தன் போக்கை மாற்றிக்கொள்வதில்லை. மனிதர்கள் மாற்றிக்கொள்கிறார்கள். 1965இல் லோக்கூர் குழு ஒரு சமூகத்தைப் பழங்குடி என்று ஏற்பதற்கான அடையாளங்களைத் தொகுத்தது: தொன்மைத் தன்மை, தனித்த பண்பாடு, ஒதுங்கிய இருப்பிடம், வெளியாருடன் பழகத் தயக்கம், பின்தங்கிய நிலை. இந்த ஐந்தும் ஒரு மலை மக்களின் வாழ்க்கையை விவரிக்கும் சொற்களாகத் தொடங்கின. பிறகு அவை சான்றிதழ் பெறுவதற்கான நிபந்தனைகளாயின. பழகத் தயங்குகிறோம் என்பதை நிரூபிக்க ஒரு அதிகாரியிடம் நெடுநேரம் பேச வேண்டிய நிலையில் ஒரு சமூகத்தை நிறுத்தினால், அந்தச் சமூகம் தன்னைப் பற்றிச் சொல்லும் சொற்களே மாறிப்போகும். அடுத்த ஆய்வாளர் வந்து அந்தச் சொற்களைப் பதிவு செய்துகொண்டு, அதை எங்கள் பண்பாடு என்று எழுதுவார்.

ஈரோடு மாவட்டத்தின் பருகூர் மலையில் எங்கள் உறவுமுறைகளோடும் வழிபாட்டு முறைகளோடும் வாழும் மலையாளிகள் இன்றும் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பட்டியல் மாவட்டங்களின் பெயரைச் சொல்லி வரையறுக்கிறது; அந்த மலை அப்போது கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது; கோயம்புத்தூர் அந்தப் பட்டியலில் இல்லை. ஒரே மக்கள் ஒரு மலையில் பழங்குடி. இன்னொரு மலையில் அவ்வாறு இல்லை. இந்த நிலையில் பழங்குடி மாணவர்களின் பள்ளிச் சேர்க்கை என்று ஒரு புள்ளிவிவரம் வெளியாகும்போது அது எதைப் பற்றிய அறிவு என்று நான் கேட்கிறேன். எங்கள் வாழ்க்கையைப் பற்றியதா, மாவட்ட எல்லையைப் பற்றியதா?

ஐந்து ரோடு எழுதியது:

எல்லோரும் சொல்வதைக் கவனமாகப் படித்துவருகிறேன். ஆனால் இந்த வழியில் தொடர்ந்து சென்றால், எந்தக் கணக்கும் மனிதன் உண்டாக்கிய பெயர்தான், அதற்கு அப்பால் உண்மை என்று ஒன்று இல்லை என்ற இடத்தில் போய் நின்றுவிடுவோமோ என்று அஞ்சுகிறேன். வறுமைக்கோடும் ஒரு வரையறைதான். அதனால் பசி வரையறையாகிவிடுமா?

பழைய பதிவேடு எழுதியது:

நான் சேலம் மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். தத்துவம் படித்தவள் இல்லை. ஐந்து ரோடு அவர்கள் கேட்ட கேள்வி என்னை எழுத வைத்தது.

1990களில் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில் சிசு இறப்புக்குக் காரணம் எழுதும் கட்டத்தில் ஒரு சொல் வழக்கத்தில் இருந்தது: "சமூகக் காரணங்கள்". புதிதாகப் படிக்க வந்த மருத்துவ மாணவர்கள் அதைப் பார்த்துவிட்டு என்ன நோய் என்று கேட்டிருக்கிறார்கள். அது நோய் இல்லை. பிறந்த பெண் குழந்தை சில நாட்களில் இறந்திருக்கும். எடை நன்றாக இருந்திருக்கும், அழுகை நன்றாக இருந்திருக்கும். வீட்டுக்குள் போனால் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். "பால் குடிக்கலைங்க, அப்படியே போயிடுச்சுங்க" என்று பாட்டி சொல்வார். இரண்டாவது அல்லது மூன்றாவது பெண் குழந்தையாக இருக்கும். எனக்குத் தெரியும். பாட்டிக்கும் எனக்குத் தெரியும் என்பது தெரியும். கொலை என்று எழுதினால் காவல் நிலையம் வரை போகும். அடுத்த பிரசவத்துக்கு அந்த வீட்டில் எனக்குக் கதவு திறக்காது. அந்தக் குழந்தையைக் காப்பாற்றும் வாய்ப்பும் போய்விடும். குறைமாதம் என்று எழுதினால் பொய். இரண்டுக்கும் நடுவே நின்று எழுதிய சொல் அது. அதை எழுதிய ஒவ்வொரு முறையும் பேனா தயங்கியது என்பதை மட்டும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் நம் சேலத்தில்தான் தொடங்கப்பட்டது. அதற்குப் பிறகு கண்காணிப்பு கூடியது. சில ஆண்டுகள் போனபின் அந்தச் சொல்லை எழுதும் இடங்கள் குறைந்தன. குற்றம் குறைந்ததா, அச்சத்தால் சொல் மாறியதா, ஸ்கேன் வந்தபின் பிறப்பதற்கு முன்பே முடிவெடுக்கும் வழக்கம் வந்துவிட்டதா என்பதைப் பதிவேட்டை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. சேர்வராயன் தம்பி சொல்வது போல, எழுதப்படுகிறோம் என்று தெரிந்தவுடன் மனிதர்கள் மாறத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் என்ன சொல்லை எழுதியிருந்தாலும் அந்தக் குழந்தை இறந்தது. அது யாருடைய வரையறையும் இல்லை.

அளவுகோல் எழுதியது:

அம்மா எழுதியதைப் படித்தபின் ஒரு நாள் முழுவதும் விடை எழுத இயலவில்லை. இப்போது எழுதுகிறேன்.

துர்க்கேம் 1897இல் தற்கொலை விகிதங்களைக் கொண்டு சமூகப் பிணைப்பின் வலிமையை ஆராய்ந்தார். அவர் பயன்படுத்தியவை அரசு தொகுத்த எண்கள். எழுபது ஆண்டுகள் கழித்து, 1967இல், அமெரிக்கச் சமூகவியலாளர் ஜாக் டக்ளஸ் ஒரு கடுமையான மறுப்பை முன்வைத்தார். ஒரு மரணத்தைத் தற்கொலை என்று எழுதுவதே குடும்பம், மருத்துவர், விசாரணை அதிகாரி ஆகியோரின் தீர்ப்பு; பிணைப்பு வலுவாக உள்ள சமூகத்தில் குடும்பம் அதை மறைக்கும் வாய்ப்பும் அதிகம்; ஆகவே துர்க்கேம் தற்கொலையின் அளவைக் கண்டாரா, மறைப்பின் அளவைக் கண்டாரா என்பதே அந்த மறுப்பின் சாரம். வகுப்பில் இதை நான் ஒரு தலைப்பாகக் கடந்து சென்றிருக்கிறேன். "சமூகக் காரணங்கள்" என்ற இரண்டு சொற்களில் அதன் முழு எடையையும் இப்போதுதான் உணர்கிறேன்.

ஆயினும் புள்ளியியலின் பக்கம் ஒரு விடை இருக்கிறது; அது அம்மாவின் கடைசி வரிக்குத் துணை நிற்கிறது. பிறந்த முதல் மாதத்தில், இயற்கையின் போக்கில், ஆண் சிசுக்களே பெண் சிசுக்களைவிட அதிகமாக இறக்கின்றன. இது உலகெங்கும் காணப்படுவது. ஒரு வட்டாரத்தில் அந்த ஒழுங்கு தலைகீழாகி, முதல் சில நாட்களில் பெண் சிசு இறப்பு மிகுந்திருக்குமானால், பாட்டி என்ன சொன்னார், செவிலியர் என்ன எழுதினார் என்பதைப் பார்க்காமலேயே அங்கே ஏதோ நடந்திருக்கிறது என்று கருதலால் அறியலாம். ஷீலா ராணி சுங்கத், ஆத்ரேயா இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வு, 1995ஆம் ஆண்டின் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளைக் கொண்டே தமிழ்நாட்டில் பெண் சிசுக்கொலையின் பரவலை எடுத்துக்காட்டியது. அதாவது, அம்மாவைப் போன்றவர்கள் தயங்கித் தயங்கி எழுதிய அந்தச் சொல் வீணாகவில்லை. அந்தச் சொல்லைச் சிசுவின் பாலினத்தோடும் இறந்த நாளோடும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது சாட்சியாயிற்று.

ஆகவே என் நிலையைச் சற்று மாற்றிக்கொள்கிறேன். பிழையான அளவீட்டை இன்னும் நல்ல அளவீடு திருத்தும் என்று முன்பு எழுதினேன். இங்கே நடந்தது அதைவிடக் கூடுதலானது. பெண் சிசு இறப்பு மிகுந்திருந்தது என்பதை எண் காட்டியது. ஏன் என்பதை எண் காட்டவில்லை. மிகுதியான இறப்புக்குப் புறக்கணிப்பும் காரணமாக இருக்கலாம், நோய்க்கு மருத்துவம் பாராமையும் காரணமாக இருக்கலாம். கொலை என்று நமக்குச் சொன்னது, வாசற்படியில் நின்று முகங்களைப் படித்த ஒரு செவிலியரின் அறிவு. எண் இல்லாவிட்டால் அந்த அறிவு ஊர்ப் பேச்சாகத் தள்ளப்பட்டிருக்கும்.

ஐந்து ரோடு எழுதியது:

ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் சொன்னதும் இதுதானே? ஒரு சமூகச் செயலை விளக்கிவிட்டோம் என்று சொல்ல இரண்டு தகுதிகள் வேண்டும்: செய்தவரின் நோக்கில் அது பொருள்பட வேண்டும், அந்தச் செயல் அந்தச் சூழலில் உண்மையிலேயே நிகழ்கிறது என்பதற்கு அனுபவச் சான்றும் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் விளக்கம் முழுமை பெறாது.

நம் மாவட்டத்தின் இன்னொரு நிகழ்வை இங்கே சேர்க்கத் தோன்றுகிறது. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு மதுவிலக்கைச் சென்னை மாகாணத்திலேயே முதலில் சேலம் மாவட்டத்தில் கொண்டுவந்தது. அன்றைய சேலம் இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் சேர்ந்த பெரிய மாவட்டம். சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் பி. ஜே. தாமஸ் அதன் பொருளாதார விளைவுகளை ஆராய்ந்தார். ஆய்வுக்கூடத்தில் செய்வது போல, ஒரு மாவட்டத்தில் மட்டும் ஒரு மாற்றம், சுற்றியுள்ள மாவட்டங்களில் பழைய நிலை. சமூக அறிவியலுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்குமா என்று தோன்றும். ஆனால் குமாரபாளையத்துக்காரர் காவிரியைக் கடந்தால் பவானி. அது கோயம்புத்தூர் மாவட்டம். ஆய்வுக்கூடத்துச் சுவருக்குள் அடைத்துவைத்த பொருள் சுவரைத் தாண்டிப் போவதில்லை. மனிதர்கள் ஆற்றைத் தாண்டுவார்கள். மேலும், குடிப்பதே குற்றமாகிவிட்ட நிலையில் "இப்போது குடிக்கிறீர்களா" என்ற கேள்விக்கு வரும் விடையின் தன்மையே மாறிவிடும். குடும்பச் செலவுக் கணக்கை நோக்கலாம். அடகு வைத்த பாத்திரங்கள் மீட்கப்பட்டனவா என்று நோக்கலாம். பழைய பதிவேடு அம்மா சொன்ன சிசுவின் இறப்பு நாளைப் போல, மனிதரின் உரையைச் சாராத தடயங்கள் அவை.

சேர்வராயன் அடிவாரம் எழுதியது:

அம்மா எழுதியதற்குத் தலைவணங்குகிறேன். குழந்தையின் இறப்பு யாருடைய வரையறையும் இல்லை என்பதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் பழங்குடி என்ற நிலையை உயிர், இறப்பு போலக் கருதிவிட வேண்டாம் என்று நண்பர்களை வேண்டுகிறேன். ஒரு பெயர் உண்டாவதற்கு முன்பே இருந்த நிகழ்வுகள் ஒரு வகை. பெயரிட்ட பிறகு அந்தப் பெயராலேயே நிலைபெறும் நிகழ்வுகள் இன்னொரு வகை. பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் பீட்டர் வின்ச் 1958இல் வாதிட்டது போல, ஒரு சமூகத்தின் செயல்களுக்கு அடையாளம் தருவதே அந்தச் சமூகம் கொண்டிருக்கும் கருத்துகள்தாம் என்றால், வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் முதலில் அந்தக் கருத்துகளைக் கற்க வேண்டும். சேர்வராயன் கோயில் குகைக்குள் எங்கள் பாட்டி குனிந்து நுழைவதை ஒருவர் பார்த்துவிட்டு, தாழ்ந்த கூரை, அதனால் குனிகிறார் என்று எழுதிக்கொள்ளலாம். அந்தக் கண் கண்டது பொய்யில்லை. ஆனால் அதைக் காண்டல் என்று சொல்லலாமா? காண்டலுக்கும் ஒரு கல்வி வேண்டியிருக்கிறது.

தறிமேடு எழுதியது:

உங்கள் அனைவரின் பதிவுகளையும் படித்தபின், உரையைக் காண்டலாக மாற்றுவதே பிழை என்று தொடக்கத்தில் நான் எழுதியதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று உணர்கிறேன். அளவை நூல்களில் உரை தாழ்ந்த வழியாகச் சொல்லப்படவில்லை. நம்பத்தகுந்தவரின் வாய்மொழியே உரை. அவரை ஆப்தர் என்பார்கள். யார் எந்தப் பொருளில் ஆப்தர் என்று கேட்காமல் விட்டதே என் பிழை. அந்த அம்மா தன் வாழ்வில் எது "வேலை" என்று அழைக்கப்படுகிறது என்பதற்கு முழு ஆப்தர். அந்த வீட்டின் துணி எத்தனை கைகளின் உழைப்பால் உருவாகிறது என்ற கணக்குக்கு அவரை நான் ஆப்தராக்கினேன். அந்தக் கேள்வியை அவரிடம் நான் கேட்கவே இல்லை. முதல் கேள்விக்குக் கிடைத்த விடையை இரண்டாம் கேள்வியின் கட்டத்தில் எழுதினேன். பிழை புகுந்த இடம் அதுதான்.

இந்த இழையைத் தொடங்கிய பிறகு சென்ற வாரம் அந்தத் தெருவுக்குப் போயிருந்தேன். இப்போது அங்கே ராட்டைச் சத்தம் குறைந்துவிட்டது. சில வீடுகளிலிருந்து விசைத்தறியின் ஓசை கேட்கிறது. அந்த அம்மா இருக்கிறார். ராட்டையும் இருக்கிறது. இம்முறை "என்ன வேலை செய்யறீங்க" என்று கேட்கவில்லை. "நேத்து காலையில எழுந்ததிலிருந்து என்னென்ன செஞ்சீங்கம்மா" என்று கேட்டேன். வாசல் தெளித்தது, சோறு ஆக்கியது, தார் சுற்றியது, பேரனைப் பள்ளிக்கு விட்டது, மறுபடி தார் சுற்றியது, பாவு (தறியின் நெடுக்கு நூல்) பிணைக்கும்போது கூட நின்றது என்று வரிசையாகச் சொன்னார். கூட்டிப் பார்த்தால் தறி வேலைக்கு மட்டும் ஆறு மணி நேரத்துக்கு மேல் வந்தது. "அப்போ நீங்களும் நெசவுத் தொழிலாளிதானேம்மா, அப்படி எழுதிக்கட்டுங்களா?" என்று கேட்டேன். ராட்டை நின்றது.

"வேண்டாங்க தம்பி. முதியோர் பணத்துக்கு எழுதிப் போட்டிருக்கேன். தொழில் இருக்குன்னு போயிட்டா அது வராதுன்னு சொல்றாங்க. கூலியும் அவரு பேருலதான் வருது. வீட்டுல இருக்கேன்னே எழுதிக்கங்க" என்றார்.

சேர்வராயன் அடிவாரம் சொன்னது கண்ணெதிரில் நடந்தது. இது அறியாமையால் வந்த விடை இல்லை; தன்னை எந்தப் பெயரில் எழுதினால் என்ன நேரும் என்று நன்கு அறிந்தவர் தந்த விடை. அந்த அம்மா கேட்டுக்கொண்டபடி எழுதினால், அவரைக் கணக்கிலிருந்து மறுபடியும் மறைத்தவனாவேன். நான் கண்டபடி எழுதினால், அவர் என்னை நம்பிச் சொன்னதை அவருக்கு எதிராகப் பயன்படுத்தியவனாவேன். பழைய பதிவேடு அம்மாவின் பேனா ஏன் தயங்கியது என்று எனக்கு அப்போது விளங்கிற்று. பெயரும் வீட்டு எண்ணும் இல்லாமல், மணிக்கணக்கை மட்டும் என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். அது போதுமா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை.

பழைய பதிவேடு எழுதியது:

தம்பி, பெயரை எழுதாமல் விட்டது சரி. ஆனால் அந்தக் காரணத்தையும் எழுதி வையுங்கள். உதவித்தொகைக்காக வேலையை மறைத்தார் என்று எழுத வேண்டாம். உதவித்தொகையின் விதி அவரை அப்படிச் சொல்ல வைத்தது என்று எழுதுங்கள். நாங்கள் பதிவேட்டில் சொல்லை மட்டும் எழுதினோம். ஏன் அந்தச் சொல்லைத் தேர்ந்தோம் என்று எழுத ஒரு கட்டம் இருந்திருந்தால், எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் இத்தனை ஆண்டுகள் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்திருக்காது.

அளவுகோல் எழுதியது:

அம்மா சொன்ன அந்தக் கட்டத்தோடு ஒரு படிவம் வரைந்து பார்க்கிறேன். மூன்று பகுதிகள் வேண்டும்: நேற்றைய நாள் எதில் கழிந்தது என்ற மணிக்கணக்கு, அவரவர் தம் சொற்களில் தம்மை எப்படிக் குறிக்கிறார்கள் என்பது, அந்தச் சொல் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது பற்றிக் கேட்டவரின் குறிப்பு. தறிமேடு முன்பு எழுப்பிய ஐயத்துக்கும் இதில் வழி செய்யலாம். மகலனோபிஸ் முறையில் இரண்டு குழுக்கள் போகட்டும். ஆனால் இருவருக்கும் ஒரே கேள்வி வேண்டாம். ஒரு குழு பழைய படிவத்தின் கேள்வியையே கேட்கட்டும்; மற்றது புதிய படிவத்தோடு போகட்டும், அதில் தெருவைச் சேர்ந்த பெண்களே கேட்பவர்களாக இருக்கட்டும். இரண்டு முடிவுகளும் எவ்வளவு விலகுகின்றன என்று பார்ப்போம். முதலில் இருபது வீடுகள் போதும். பாவு ஓடும் நாட்களில் யாருக்கும் பேச நேரம் இருக்காது என்பதால், எந்த நாட்களில் போகலாம் என்று அந்த அம்மாவிடமே கேட்டுச் சொல்லுங்கள். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அம்மாப்பேட்டைக்கு வரைவோடு வருகிறேன்.